லீக், பச்சை மட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மெஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். என் மனைவி. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள், ஒருவன் தேனிக்காரன், மற்றவன் கோயம்புத்தூர்க்காரன். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா, அவரை நாங்கள் எல்லாரும் பௌதி என்றுதான் கூப்பிடுவோம், வங்காள மொழியில் அண்ணி என்று அர்த்தம். மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை யார் நிறுத்தவில்லை என்று கேட்க இறங்கி வந்தவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆறாவது, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்யும் கரூர்ப் பெண். வேறு யாரும் இல்லை. நான் செய்த இரண்டு தப்பும் இந்த ஐந்து பேர் முன்னால்தான் வெளியே வந்தன என்பதால் எனக்கு இது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பெண் சோற்றைப் பிசைந்தது, நாலு வாய் சாப்பிட்டது, தட்டைத் தள்ளி வைத்தது. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னது.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல ஏறுறேன். திரும்பி வர்ற மாதிரி இல்ல."

உசிலம்பட்டிப் பக்கம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஒரு கேன்டீனில் தோசைக்கல் முன்னால் நின்றேன். பிறகு ஜாதவ்பூரில் இந்தக் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாப்பிடுவார்கள், மற்ற நாளில் டப்பா போகும். எனக்குக் கவலை கூடவே பிறந்தது. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பேன். சாம்பார் புளித்திருக்குமோ, சோறு குழைந்திருக்குமோ என்று டப்பா போன பிறகும் நினைத்துக்கொண்டே இருப்பேன். திரும்பி வருகிற டப்பாவைத் திறந்து பார்த்தால்தான் மூச்சு வரும். யார் எதை எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று கழுவப் போடும் முன் நானே பார்ப்பேன். மனைவிக்கு இது பிடிக்காது. "எச்சில் டப்பாவுக்குள்ள என்னதான் தேடுறீங்களோ" என்பாள்.

கரூர்ப் பெண்ணின் டப்பா மழைக்காலத்தில் பாதியோடு வந்தது. பூஜா விடுமுறை முடிந்த பிறகு முக்கால் மிச்சத்தோடு வந்தது. கேட்டால் வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லும். அப்புறம் ஒரு டாக்டரைப் பார்த்து, அங்கே சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் அம்மாவிடம் ஒரு தாள் வாங்கி, அதைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பியது. எல்லாம் இங்கிலீஷ். வெங்காயம், பூண்டு இரண்டையும் சிவப்பு மையில் அடித்திருந்தது. அது புரிந்தது. அதற்குக் கீழே ஒரு வரியில் பச்சை மையால் டிக் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். லீக், கிரீன் ஒன்லி.

எங்களிடம் இரண்டு வகை டப்பா உண்டு. சிவப்பு மூடி, பச்சை மூடி. அந்தப் பெண்ணுக்குப் போவது பச்சை மூடி. ஆக, பச்சை டப்பா மட்டும் லீக் ஆகிறது.

எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது. ரசம் ஒழுகிப் புத்தகப் பை நாறியிருக்கும், பாவம், வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக் காட்டியிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் வீட்டுத் தாளில் என் டப்பாவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று யோசிக்கவில்லை. கவலைப்படுகிறவனுக்கு எல்லாக் குற்றமும் தன்மேல் சொன்னதாகத்தான் படும். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் எல்லாப் பச்சை டப்பாவுக்கும் புது ரப்பர் வளையம் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் குளியலறையில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஒழுகவில்லை. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வளையத்தை மாற்றினேன். "லீக் சரி பண்ணிட்டேன்மா" என்று செய்தி அனுப்பினேன். அது கும்பிடுகிற கைப் படத்தைத் திருப்பி அனுப்பியது. எனக்கும் நிம்மதி, அதற்கும் நிம்மதி.

வெங்காய விஷயத்தில் நான் செய்தது வேறு. வெங்காயம் இல்லாத சாம்பார் எப்படித் தொண்டைக்குள் இறங்கும், ஏற்கெனவே இளைத்துப் போன பிள்ளை, ருசியும் இல்லாமல் போனால் சுத்தமாக விட்டுவிடுமே என்று பயம். அதனால் சின்ன வெங்காயத்தை உரித்து, வெள்ளைத் துணியில் முடிந்து, சாம்பார் கொதிக்கும்போது உள்ளே போட்டு, டப்பாவில் ஊற்றும் முன் முடிச்சோடு எடுத்துவிடுவேன். ஒரு தோல்கூடப் போகாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல யோசனை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் என்றதும் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. ஒரு துண்டு வெங்காயம்கூடப் போகவில்லையேம்மா, லீக்கையும் அன்றைக்கே சரி செய்துவிட்டேனே என்றேன்.

"லீக்க சரி பண்ணீங்களா?" என்றது.

"பச்சை டப்பா. ரப்பர் மாத்துனேன்ல."

கோயம்புத்தூர்ப் பையன்தான் முதலில் சிரித்தான். "ஏனுங்ணா, லீக்ங்கிறது ஒரு காய்ங்ணா. வெங்காயத்தாள் மாதிரி, தடியா இருக்கும்." தேனிக்காரன் கையில் இருந்த கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்தான். பௌதிக்கு எங்கள் பேச்சில் லீக் என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. அவர் பதறி எழுந்து, எங்கே ஒழுகுகிறது, எந்தக் குழாய் என்று வங்காளத்தில் கேட்டார். அதற்கு அந்தப் பெண்ணும் சிரித்தது. மூன்று மாதத்தில் அது சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா கேட்பது போல, வெங்காயம் இல்லாமல் சாம்பாரில் அந்த வாசம் எப்படி வருகிறது என்று கேட்டது.

துணி முடிச்சைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. "தண்ணியிலதானே வேகுது? அப்ப அதுல எனக்கு ஆகாதது அத்தனையும் சாம்பார்ல எறங்கியிருக்கும்ணே. அது தண்ணியில கரையும். எண்ணெயில வதக்கி எடுத்துப் போட்டிருந்தீங்கன்னாகூட எறங்கியிருக்காது." கோபமாகச் சொல்லவில்லை. பாடம் படிக்கிற குரலில் சொன்னது. சொல்லிவிட்டு, "நான் படிக்கிறதே இதுதான். உங்களக் கேக்கணும்னு எனக்கும் தோணல பாருங்க" என்றது.

ஆக, பட்டியல் வந்த நாளிலிருந்து அந்த வயிற்றை நான்தான் கெடுத்திருக்கிறேன். துணியில் கட்டி, பக்குவமாக, தினமும். இரண்டு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் நின்ற பெண். வயிறு பானை போல ஊதி, நிற்க முடியாமல், வாரத்தில் மூன்று நாள் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. படிப்பு போனால் போகட்டும், உடம்போடு வந்து சேர் என்று அப்பா சொல்லிவிட்டாராம். இப்போது விட்டுப் போனால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

வழக்கமாக இப்படி ஒன்று நடந்தால் நான் மூலையில் உட்கார்ந்து கவலைப்படுகிற ஆள். அன்று அப்படிச் செய்யவில்லை. தேனிக்காரனிடம், டிக்கெட்டை எப்போது வரை திருப்பலாம் என்று கேட்டேன். வண்டிக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் நூற்று இருபது ரூபாய் பிடிப்பார்கள், அதற்கப்புறம் கூடும் என்றான். அப்படியென்றால் அடுத்த வாரம் புதன்கிழமை மதியம். பத்து நாள்.

"புதன் வரைக்கும் நான் போடுறதச் சாப்பிடும்மா" என்றேன். "அதுக்கப்புறம் நீ போறதா இருந்தா நானே ஸ்டேஷனுக்கு வந்து பெட்டிய ஏத்திவிடுறேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணுனா பிடிக்கிற காச நான் தர்றேன்."

"பாப்பம்ணே" என்றது. நம்பிக்கையோடு சொன்ன மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெருமுனை மார்க்கெட்டில் காய்க்காரம்மாவிடம் லீக் கேட்டேன். அவர் யோசிக்காமல் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். பச்சையாக, நீளமாக, நுனியில் மூடிய மொட்டோடு இருந்தது. பேயாஜ்கொலி. குளிர்காலம் முழுக்க இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உருளைக்கிழங்கோடு வதக்குவார்கள். எனக்கே தெரிந்த காய்தான், ஆனால் பதற்றத்தில் இதுதான் லீக்கோ என்று வாங்கி வந்துவிட்டேன். நல்லவேளை, நறுக்கும் முன் படம் எடுத்து அனுப்பினேன். "இது வெங்காயப் பூந்தண்டுண்ணே, வேணாம்" என்று பதில் வந்தது. அன்று அந்தப் பெண்ணுக்கு வெறும் கேரட்டும் மிளகும் போட்ட கஞ்சி அனுப்பினேன். டப்பா முக்கால்வாசி காலியாக வந்தது. ருசி இல்லாத கஞ்சி. அதையே இவ்வளவு சாப்பிட்டிருக்கிறது என்றால் பசி இருக்கிறது. எனக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆட்டோ பிடித்து டாலிகஞ்ச், அங்கிருந்து மெட்ரோ, ஊரின் நடுவில் இருக்கிற பெரிய மார்க்கெட். அங்கே ஹோட்டல்காரர்கள் வாங்கும் காய்கறிக்கென்று ஒரு வரிசை உண்டு. வெள்ளையாகக் கட்டை விரலைவிடத் தடித்த தண்டு, மேலே விசிறி போல விரிந்த பச்சை ஓலை. லீக்கை நேரில் பார்த்தது அன்றுதான். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சையை வெட்டிக் கூடையில் எறிந்துவிட்டு, வெள்ளையை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். ஹோட்டல்களுக்கு வெள்ளைதான் வேண்டுமாம். கூடையைக் காட்டி, எனக்கு அது வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தாதா, மாடு எத்தனை?" என்று வங்காளத்தில் கேட்டார். தாதா என்றால் இங்கே அண்ணன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். ஒரு மாடுதான், ஆராய்ச்சி படிக்கிறது என்று நானும் வங்காளத்தில் சொன்னேன். எனக்கு இப்படிப் பதில் சொல்ல வரும் என்பது எனக்கே தெரியாது. கூடையில் இருந்ததை அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விரித்தால் ஓலைக்கு ஓலை மண். மேலே கழுவினால் போகாது. நீளவாக்கில் கீறி, பெரிய குண்டானில் தண்ணீர் பிடித்து, அமுக்கி அலசினேன். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் அடியில் மண் தங்கவில்லை. அன்று அவரைக்காய் போல நறுக்கிப் பொரியல் செய்தேன். இரண்டு பையன்களுக்கும் கொடுத்துப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பையன் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். தேனிக்காரன், "அண்ணே, துணி காயப்போடக் கொடி கட்ட ஆகும்ணே" என்றான்.

புதன்கிழமை வேறு மாதிரி செய்தேன். நடு ஓலையின் தடித்த நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, நூல் போலக் குறுக்கே அரிந்தேன். நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து, ஓலையைப் போட்டு, உப்புத் தூவி, மூடி போட்டுச் சின்னத் தீயில் வைத்தேன். இடையில் இரண்டு கை தண்ணீர் தெளித்தேன். கால் மணி நேரம் ஆனது. மூடியைத் திறந்ததும் வெங்காயம் வதங்குகிற வாசம், ஆனால் காரமில்லாமல், லேசான இனிப்போடு வந்தது. அதில் வெந்த உருளைக்கிழங்கைப் போட்டுப் பிரட்டினேன். பாதி ஓலையைக் கேரட் சாம்பாரில் போட்டேன், பருப்பைக் குறைத்துக்கொண்டேன். பூண்டு வாசத்துக்கு நாலு பல்லை எண்ணெயில் சிவக்க விட்டு, பல்லை எடுத்து எறிந்துவிட்டு, எண்ணெயை மட்டும் தாளிப்புக்கு எடுத்தேன். எண்ணெயில் இறங்காது என்று அது சொன்னதை மறக்கவில்லை.

டப்பா காலியாக வந்தது. விரலால் வழித்த தடம் உள்ளே இருந்தது. வியாழனும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அது நேரிலேயே வந்தது. அந்தப் பச்சை ஓலையில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்டேன். வெறும் ருசிக்கு ஒன்றைப் போட்டு வயிற்றை ஏமாற்றக் கூடாதே என்று எனக்குக் கவலை. போனைப் பார்த்துப் படித்துச் சொன்னது: ஃபோலேட் என்ற வைட்டமின், ரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமின், நார்ச்சத்து. வெள்ளையைவிடப் பச்சையில்தான் வைட்டமின் அதிகம் என்றது. ஹோட்டலுக்குப் போவது மற்ற பாதியா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டியது.

சனிக்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. அன்று கடைக்காரர் பச்சையை முன்பே மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் முழு லீக்காக அரைக் கிலோ வாங்கி வந்தேன். விலையைச் சொன்னால் மனைவி சண்டை போடுவாள் என்று சொல்லவில்லை. பச்சையை நான் அரிந்து வைத்துவிட்டு, பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது டப்பாக்கள் போயிருந்தன. சாயங்காலம் அந்தப் பெண்ணின் டப்பாவும் காலியாகத்தான் வந்தது. ஆனால் கூடவே செய்தியும் வந்தது. படுத்திருக்கிறேன் அண்ணே, பழையபடி ஊதுது.

அடுப்படியில் தேடினேன். வெள்ளைத் தண்டு ஒன்றுகூட இல்லை. மனைவியிடம் கேட்டேன். நறுக்கி உருளைக்கிழங்கில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். வீணாகப் போகிறதே என்று.

"பச்சை மட்டும்னு தாள்ல இருக்குடி."

"என்கிட்ட எப்பச் சொன்னீங்க?" என்றாள். "ஒரே செடிதானே. மேல நல்லது, அடியில கெட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது நியாயம். நான் சொல்லவில்லை. அந்த வரியைத் தப்பாகப் படித்த வெட்கத்தில், அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. வெங்காயத்தில் இருக்கிற அதே சங்கதி லீக்கின் வெள்ளையில்தான் கூடுதலாக இருக்கிறது, பச்சையில் குறைவு, அதற்காகத்தான் அந்த அம்மா ஒன்லி என்று எழுதியிருக்கிறார் என்பதை அன்று இரவு மனைவிக்குச் சொன்னேன். அவள் எழுந்து போய் ஒரு அட்டையில், தமிழில், பெரிதாக எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். லீக், பச்சை மட்டும். அவள் என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவள்.

நடந்ததை அந்தப் பெண்ணுக்கும் இரவே செய்தியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அது சாப்பிட வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. மூன்று நாள்தான் மிச்சம். கஞ்சி வைத்து, பச்சை மூடி டப்பாவில் ஊற்றி, நானே அதன் விடுதி வாசலுக்குப் போனேன். காவல்காரர் உள்ளே விடவில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு எதிரில் டீக்கடையில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் காவல்காரரே டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தார். அங்கேயே திறந்து பார்த்தேன். காலி. உள்ளே மடித்த காகிதத்தில் எழுதியிருந்தது: "அக்காவத் திட்டாதீங்க."

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் முழு லீக் வாங்கினேன். மார்க்கெட்டிலேயே கடைக்காரரின் கத்தியை வாங்கிப் பச்சையை வெட்டி ஒரு பையிலும் வெள்ளையை இன்னொரு பையிலும் போட்டேன். வெள்ளைப் பை எங்கள் வாசல்படியைத் தாண்டவில்லை, நேராக மாடிக்குப் போனது. பௌதி அதை மீன் குழம்பில் போட்டார். நன்றாக இருக்கிறது, அந்தக் குழாய் ஒழுகுகிற காய் இன்னும் இருக்கிறதா என்று படியில் நின்று கேட்டார். தனிக் கரண்டி, தனி வாணலி என்று மனைவி பிரித்து வைத்துவிட்டாள். இரண்டு நாளும் டப்பா காலி. செய்தி எதுவும் இல்லை. செய்தி இல்லாதது நல்லதா கெட்டதா என்று மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன்.

புதன்கிழமை மதியம் டப்பா அனுப்பவில்லை. அதுவே வந்தது. பையன்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், நானும் மனைவியும்தான் இருந்தோம். லீக் சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம். இரண்டாவது தரம் சோறு கேட்டது. மனைவி போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாத்திரத்தைத் தேய்த்தேன். சாப்பிட்டு, கை கழுவி, முந்தானை போல நீண்ட துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்து எதையோ அமுக்கியது.

"நாளைக்கும் இதே சாம்பார் வைங்கண்ணே" என்றது.

"டிக்கெட்?"

"காலையில லேபுக்குப் போயிட்டு வந்தேன். நின்னு வேலை பாத்தேன், மூணு மணி நேரம்." போனைத் திருப்பிக் காட்டியது. ரத்து என்று அதில் இருந்ததாம், நான் எழுத்தைப் பார்க்கவில்லை, அதன் முகத்தைத்தான் பார்த்தேன். அப்பாவிடம் இன்னும் ஒரு பருவம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டதாம்.

உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து நீட்டினேன். வாங்கவில்லை. "படிப்ப முடிச்சு ஊருக்குப் போறப்பக் குடுங்க. அது வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றது.

மாதங்கள் போய்விட்டன. லீக் கிடைக்காத கோடையில் வெங்காயத்தாளின் பச்சையை வைத்துச் சமாளித்தோம். அதற்கும் அடுப்புக்கு மேலே மனைவி ஓர் அட்டை ஒட்டியிருக்கிறாள். பச்சை மூடி டப்பா தினமும் போகிறது, வருகிறது, நான் திறந்து பார்க்கிறேன். மாசம் ஒரு தரமாவது பணத்தை நீட்டிப் பார்க்கிறேன், அது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறது. நான் அந்தப் பெண்ணுக்கு இன்னும் தர வேண்டியது நூற்று இருபது ரூபாய்.